காவல் நின்றவரின் பேத்திக்கு அயலார் கட்டணம்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி இல்லம் தேடி வந்தாள். கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் பள்ளியிலிருந்து நல்ல தேர்ச்சியோடு வெளியேறியவள். பின்னர் எஸ்.பி.எம்., அதன் பின் எஸ்.டி.பி.எம். எதிலும் பின்தங்கவில்லை. கையில் ஒரு கோப்பும் பழைய பிஸ்கட் டின் ஒன்றும் கொண்டு வந்திருந்தாள்.

கோப்பில் அவளுடைய சான்றிதழ்கள் இருந்தன. டின்னில் அவளுடைய தாத்தாவின் பொருள்கள்: ஒரு பதக்கம், ஓர் ஊதல், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு விடுவிப்புத் தாள். அவசரகாலத்தில் அவர் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊருக்கு அருகிலிருந்த தோட்டத்தின் நுழைவாயிலில், துப்பாக்கியோடு இரவுக் காவல் நின்றவர்.

"டீச்சர், இந்தத் தாளைக் காட்டினா ஏதாவது நடக்குமா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. விடை எனக்குத் தெரியும். நடக்காது. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை என்னும் கட்டத்தில் 'புக்கான் வார்கநெகாரா' என்று எழுதியிருக்கிறது. குடியுரிமை இல்லாதவர் யூ.பி.யூ. வழியாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இயலாது. பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது, பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளமும் கிடைக்காது. அவள் விசாரித்த ஒரு கல்லூரியில், சேரலாம், ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்றார்களாம். அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். அந்தத் தொகையை அவர் ஈராண்டுகளில்கூடச் சேர்க்க முடியாது.

எந்த நாட்டு மாணவி அவள்? அதை எழுதத்தான் இந்தப் பதிவு. ஆனால் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்குகிறேன். உள்ளூர்க் கட்டணம், வெளியார் கட்டணம் என்னும் இந்தப் பிரிவினையை வேறொரு நாடு தன் படைவீரர் குடும்பங்களுக்காக எப்படிக் கையாண்டது என்பதைப் படித்தபோதுதான், நம் சிக்கலும் எனக்குச் சற்றுத் தெளிவாயிற்று.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமும் இரண்டு கட்டணம் வைத்திருக்கிறது. அம்மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒன்று. வெளி மாநிலத்தாருக்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. உள்ளூர் மக்கள் வரி செலுத்தி அப்பல்கலைக்கழகத்தை நடத்துகின்றனர், எனவே அவர்தம் பிள்ளைகளுக்குக் குறைவு என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். ஆயினும் படைவீரனுக்கு ஊர் ஏது? ஈராண்டு ஓரிடம், மூவாண்டு வேறிடம் என்று அரசே அவனை மாற்றிக்கொண்டிருக்கும். பணி முடிந்து அவன் ஓரிடத்தில் குடியமர்ந்து, மனைவியையோ மகளையோ கல்லூரியில் சேர்க்கப் போனால், 'நீங்கள் இம்மாநிலத்தவர் அல்லர்' என்றார்கள். 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி இதை மாற்றியது. பணியிலிருந்து விடுபட்ட மூன்றாண்டுகளுக்குள் சேரும் முன்னாள் வீரர்களுக்கும், அவர்களுடைய கல்வி உரிமையைப் பயன்படுத்தும் குடும்பத்தாருக்கும், எம்மாநிலத்து அரசுக் கல்லூரியும் உள்ளூர்க் கட்டணமே வாங்க வேண்டும். மறுத்தால் அக்கல்லூரி படைவீரர் கல்வி நிதியை இழக்கும். அந்த மூன்றாண்டு எல்லையும் பின்னர் 2021இல் நீக்கப்பட்டது.

இதற்குச் செலவு இல்லையா? உண்டு. உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளியார் கட்டணத்துக்கும் இடையிலுள்ள தொகையை யாரோ சுமந்துதான் ஆக வேண்டும். இதில் டெக்சஸ் மாநிலத்தின் அனுபவம் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கே முன்னாள் வீரர்களுக்குக் கட்டணமே இல்லை என்னும் ஹேசில்வுட் சட்டம் நெடுங்காலமாக உண்டு. 2009இல் அதை விரித்து, வீரர் பயன்படுத்தாமல் விட்ட உரிமையைப் பிள்ளைகளுக்கு மாற்றித் தரலாம் என்றனர். அதன் பின் செலவு பன்மடங்காகி, 2014இல் 160 மில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. சட்டம் இயற்றிய மாநில அரசோ அத்தொகையில் மிகச் சிறு பங்கைத்தான் ஈடு செய்தது. எஞ்சியதைப் பல்கலைக்கழகங்களே சுமந்தன. பல்கலைக்கழகம் சுமப்பது என்றால், கட்டணம் செலுத்தும் மற்ற மாணவர்களும் சேர்ந்து சுமப்பது என்று பொருள். வாக்குறுதியை ஒருவர் கொடுத்தார், விலையை வேறொருவர் கொடுத்தார்.

அதே டெக்சஸில் இன்னொரு வழக்கும் நடந்தது. வேறு மாநிலத்தில் வசித்தபோது படையில் சேர்ந்து, பணி முடிந்து டெக்சஸில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஒருவர் அந்தச் சலுகையைக் கேட்டார். 'படையில் சேர்ந்த அன்று நீ இம்மாநிலத்தில் குடியிருந்தாயா?' என்பதே சட்டத்தின் கேள்வி. 2015இல் கீழ் நீதிமன்றம் அக்கேள்வி செல்லாது என்றது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. அவர் எத்தனை ஆண்டு உழைத்தார், எத்தனை ஆண்டு அங்கே வரி கட்டினார் என்பவை எடுபடவில்லை. ஒரே ஒரு நாளின் முகவரி எடுபட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நம் பிள்ளைகளிடமும் இப்படி ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நீ பிறந்த அன்று உன் தாயின் கையில் அட்டை இருந்ததா? அன்று உன் பெற்றோரின் திருமணம் பதிவாகியிருந்ததா?

நம் நாட்டிலும் படைவீரர் குடும்பங்களின் குறைகள் பேசப்படாதவை அல்ல. 21 ஆண்டுகள் பணியாற்றாமல் விலகிய சாதாரண நிலை வீரர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் வீரர்களுள் பெருந்தொகையினர் இவ்வகையினரே. 2012ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டம் வந்தது; படைவீரர் விவகாரத் துறை வழியாகப் பிள்ளைகளின் கல்விக்குச் சில உதவிகள் உண்டு. தாய்த்தமிழகத்தில் பொறியியல் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்திய நடுவண் அரசு 2006 முதல் அவர்களுக்கெனத் தனி உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. போதுமா போதாதா என்பது வேறு. ஆனால் நாட்டுக்காக நின்றவனின் பிள்ளைக்குக் கல்விச் செலவைக் குறைப்பது தருமம் அன்று, கடனைத் திருப்பிக் கொடுப்பது என்பதை எந்த நாட்டிலும் பெரும்பாலோர் மறுப்பதில்லை. நானும் மறுக்கவில்லை. என் கேள்வி, அந்தக் கடன் சீருடையோடு நின்றுவிடுகிறதா என்பது.

என் மாணவியின் தாத்தா சீருடை அணிந்தவரும்கூட. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் ரப்பரும் ஈயமும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அன்றைய அரசின் முதற்கவலை. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரக்கணக்கான ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டனர். பெரும்பான்மையினர் மலாய்க்காரர், நம்மவரும் இருந்தனர். ஊர்க்காவல் படையில் இன்னும் மிகுதியாக இருந்தனர். காவல் நிற்காதவர்களும் முள்வேலிக்குள் அடைபட்ட லயங்களிலிருந்து விடியலில் வெளியே போய்ப் பால் வெட்டினார்கள். சுட்டால் முதலில் விழக்கூடியவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குப் பதக்கம்கூட இல்லை.

(போருக்கு முன் பின் என்று எண்ணிப் பார்த்தால் இன்னும் நீளும். சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களிலும் உண்டு. நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அது இந்நாட்டின் படை அன்று, ஆகவே இங்கே அதற்குக் கணக்கு இல்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

சரி, தாத்தா காவல் நின்றார். பேத்தி எப்படி அயலாள் ஆனாள்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. 'மூன்று தலைமுறையாக இருந்தும் குடியுரிமை எடுக்காமல் இருந்தால் யார் குற்றம்?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1957 மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்கள் பலரும் விண்ணப்பித்துப் பதிய வேண்டியிருந்தது. பட்டணத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்று பதிந்தார்கள். தோட்டத்தில் இருந்தவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். கிராணி சொன்னால்தான் செய்தி தெரியும். பதிந்தவர்கள் பதிந்தார்கள், விட்டவர்கள் விட்டார்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்னும் விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தபோதுதான் விட்டதன் பொருள் புரிந்தது. ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பிச் செல்ல நேர்ந்தது என்பர். எஞ்சியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு, சிலர் அதுவும் இல்லாமல், அதே லயத்தில் தங்கினார்கள்.

என் மாணவியின் தாத்தா பதிந்தவர். தந்தைக்கும் நீல அட்டை உண்டு. சிக்கல் தாயின் வழியில் வந்தது. அந்த அம்மாள் உலு சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மருத்துவச்சி கையில், லயத்து அறையில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை. தகப்பன் எங்கோ போய்விட்டார்; தாயும் சிறு வயதிலேயே இறந்தார். ஆயாக் கொட்டகையிலும் பாட்டி வீட்டிலும் வளர்ந்தவருக்கு எந்தத் தாளும் இல்லை. பின்னர்க் கோயிலில் தாலி கட்டி, ஊருக்கெல்லாம் சோறு போட்டுத் திருமணம் நடந்தது. தாள் இல்லாதவருக்குத் திருமணப் பதிவு எப்படிச் செய்வது? செய்யவில்லை.

1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் அன்று. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு, அரசமைப்புச் சட்டத்தின் விளக்கப்படி, தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தந்தை குடிமகன், தாத்தா அரசுக்குத் துப்பாக்கி ஏந்தியவர் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. அம்மி மிதித்து அருந்ததி பார்த்த திருமணத்தில் பிறந்த பிள்ளை, காகிதத்தில் தகப்பன் பெயர் இருந்தும் தகப்பன் வழி இல்லாத பிள்ளை ஆகிவிடுகிறது.

இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியர் பணியில் நான் நேரில் கண்ட இத்தகைய பிள்ளைகள் ஏழு பேர். நாடு முழுவதும் எத்தனை பேர் என்பதில் அரசும் இயக்கங்களும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை; அந்த எண்களுக்குள் நான் போகவில்லை. என் ஏழு பேரில் எஸ்.பி.எம். வரை சென்றவர் மூவர். மற்ற நால்வரும் பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கும் பருவத்தில், நண்பர்களுக்கெல்லாம் அட்டை வந்து தங்களுக்கு வராததைக் கண்ட பின், படிப்பில் பிடிப்பு விட்டுப் போனவர்கள். 'எதுக்கு டீச்சர் படிக்கணும், எங்கயும் எடுக்க மாட்டாங்க' என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவனுக்கு வயது பதின்மூன்று. அவன் சொன்னது தவறு என்று நிரூபிக்க என்னிடம் எந்த எடுத்துக்காட்டும் இல்லை.

இப்பொழுது செலவுக்கு வருகிறேன். உணர்ச்சியாக மட்டும் பேசினால் 'வரிப்பணம்' என்னும் ஒரு சொல்லில் வாயடைத்துவிடுவார்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் கலைப் பாடம் படிக்கும் உள்ளூர் மாணவர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஈராயிரம் வெள்ளி செலுத்துகிறார். உண்மைச் செலவில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மற்றதை அரசு ஏற்கிறது என்று அமைச்சு பலமுறை கூறியிருக்கிறது. அப்படியானால் ஒருவருக்கு அரசின் பங்கு ஆண்டுக்குப் பதினெண்ணாயிரம் வெள்ளி அளவில் வரும். தோட்டப்புறத்திலிருந்து குடியுரிமை இல்லாத பிள்ளைகள் நூறு பேர் ஓராண்டில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் அது மிகையான எண்ணிக்கை. ஆயினும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 இலட்சம் வெள்ளி. மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்து படிக்கும் நிலையில் 54 இலட்சம். 2024ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் உயர்கல்வி அமைச்சுக்கு ஒதுக்கிய தொகை 1,630 கோடி வெள்ளி. பத்தாயிரம் வெள்ளியில் நான்கு வெள்ளிகூட இல்லை.

எதிர்ப்பக்கத்துச் செலவையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பதினோராண்டு, பதின்மூன்றாண்டு பள்ளிக் கல்விக்கு அரசு ஏற்கெனவே செலவழித்தாயிற்று. குடியுரிமை இல்லாத மாணவர்களிடம் பள்ளியில் வாங்கும் ஆண்டுக் கட்டணம் தொடக்கப்பள்ளிக்கு 120 வெள்ளி, இடைநிலைப்பள்ளிக்கு 240 வெள்ளி. அது ஒரு பிள்ளைக்கான செலவில் ஒரு மூலைக்கும் காணாது. ஆசிரியர் சம்பளம், கட்டடம், தேர்வு எல்லாம் மக்கள் பணம். அவ்வளவையும் கொட்டி ஒரு பிள்ளையை எஸ்.டி.பி.எம். வரை ஏற்றிவிட்டு, கடைசிப் படியில் நிறுத்தி, கணக்கில் வராத கூலிக்கு உணவுக்கடையில் தட்டுக் கழுவ அனுப்புவதுதான் விரயம். மரத்தை நட்டு ஆறு, ஏழு ஆண்டு உரமிட்டு, பால் வெட்டும் பருவத்தில் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போகும் துரை எவரும் இல்லை.

அமெரிக்கர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் 1944இல் அவர்கள் இயற்றிய படைவீரர் சட்டத்தால் 22 இலட்சம் பேர் கல்லூரிக்குச் சென்றனர். 1988இல் அந்நாட்டு நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று ஆராய்ந்து, செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் நாட்டுக்கு ஏறத்தாழ ஏழு டாலர் திரும்பியது என்றது. ஏழு என்பது மிகை என்று சொல்வோர் இருக்கலாம். சரிபாதியாகக் குறைத்தாலும் எனக்கு உடன்பாடே. நட்டம் என்று எவரும் காட்டவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகளை நான் அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, 'திருமணத்தைப் பதியாதது பெற்றோர் தவறு. அதற்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?' தவறுதான். ஆனால் தண்டனை பெறுபவர் தவறு செய்தவர் அல்லரே. தந்தையின் நீல அட்டை அப்படியே இருக்கிறது. லாரி ஓட்டுகிறார், வரி கட்டுகிறார், வாக்களிக்கிறார். தண்டனை முழுவதும் அன்று பிறந்த குழந்தைக்கு.

இரண்டாவது மறுப்பு கனமானது. 'இந்தக் கதவைத் திறந்தால் நேற்று வந்த வெளிநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளும் நுழைவார்கள். செலவு எல்லை கடந்துவிடும்.' டெக்சஸில் ஹேசில்வுட் செலவு பெருகியதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லை இல்லாமல், நிதி ஒதுக்காமல் கொடுத்த வாக்குறுதி பல்கலைக்கழகங்களின் தலையில் விழும். சில ஆண்டுகளில் வெறுப்பும் வளரும். ஆகவே எல்லை வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். அந்த எல்லையை வரைய நம்மிடம் கருவி இருக்கிறது. இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பதினோராண்டு படித்து முடித்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் இதற்குச் சான்று. ஒரு பிள்ளை ஆறாண்டு நாள்தோறும் எங்கே இருந்தது என்பதை எங்களைவிடத் துல்லியமாக எந்த இலாகாவும் எழுதி வைத்திருக்கவில்லை.

பள்ளிப் படிப்பை அளவுகோலாகக் கொள்வது புதுமையும் அன்று. அதே டெக்சஸ் 2001இல், குடியுரிமை இல்லாவிடினும் அம்மாநிலத்தில் மூன்றாண்டு வாழ்ந்து உயர்நிலைப்பள்ளி முடித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம் என்று சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்பற்றின. 2025 ஜூனில் நீதிமன்ற ஆணை ஒன்றால் டெக்சஸில் அது முடிவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கால் நூற்றாண்டு நின்ற ஏற்பாடும் ஒரே நாளில் போகலாம். கட்டணச் சலுகை என்பது குடியுரிமைக்கு மாற்று ஆகாது. குடியுரிமை வரும்வரை பிள்ளையின் வயது கரைந்துவிடாமல் காக்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவே.

குடியுரிமைப் பக்கம் என்ன நடந்திருக்கிறது? சில நல்லவை உண்டு. 2011 பிப்ரவரியில் மைடாப்தார் இயக்கம் நடந்தது. எங்கள் வட்டாரத்திலும் மேசை போட்டு விண்ணப்பம் எழுதினார்கள். 2018 ஜூலையில், அறுபது வயது கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை தர அமைச்சரவை இசைந்தது. அந்த முதியவர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அறுபது வயதில் வரும் நீல அட்டை கல்லூரிக்குப் போகாது.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தத்தால், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்குத் தந்தையருக்கு நிகரான உரிமை கிடைத்தது. வரவேற்கிறேன். அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் 'நிரந்தரவாசியாக' இருந்தால் போதும் என்றிருந்த சொற்களும் நீக்கப்பட்டன. சிவப்பு அட்டைத் தம்பதியின் பிள்ளைக்கு இதுவரை தானாகக் கிடைத்தது, திருத்தத்திற்குப் பின் விண்ணப்பித்துக் காத்திருந்து பெற வேண்டியதாகிறது. அதே திருத்தம் விண்ணப்ப வயது வரம்பையும் 21இலிருந்து 18 ஆகக் குறைக்க வழி செய்திருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வந்து, கல்லூரி வாசலில் நின்று, 'உன் அட்டை எங்கே' என்று முதன்முதலாகக் கேட்கப்படும் வயது பதினெட்டு. கேள்வி எழும் வயதும் கதவு மூடும் வயதும் ஒன்றாகிவிட்டன.

சிலாங்கூர் மாநில அரசு 2008க்குப் பின் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனக் கல்வி உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. பேருந்துக் கட்டணம், உயர்கல்விக் கட்டணம் என்று பல குடும்பங்கள் பயன்பெற்றன. உழைப்பை அடிப்படையாகக் கொண்டு, இவர்கள் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் என்பதற்காகவே கொடுத்த உதவி அது. படைவீரர் குடும்பத்துக்குக் கொடுப்பதன் நியாயமும் இதுவேதான். அதனால்தான் நான் முதலில் மாநிலத்தையே நோக்குகிறேன். பெஸ்தாரி ஜெயாவில், பழைய ஈயக் குட்டைகளுக்குச் சிறிது தொலைவில், சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. மாநிலத்தின் சொந்தப் பல்கலைக்கழகம். (கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே, பூஞ்சாக் ஆலத்தில், இன்னும் பெரிய அரசுப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றும் உண்டு. அது பூமிபுத்ராக்களுக்கு உரியது. என் மாணவியிடம் நீல அட்டை இருந்திருந்தாலும் அங்கே இடமில்லை. அது தனி விவாதம்.) யூ.பி.யூ. விதியை மாற்றக் கூட்டரசு வேண்டும். தன் பல்கலைக்கழகத்தில், நான் மேலே சொன்ன வரையறைக்குள் அடங்கும் சிலாங்கூர்த் தோட்டப் பிள்ளைகளிடம் உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்குக, வேறுபாட்டுத் தொகையை மாநிலக் கருவூலம் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் என்று சொல்ல மாநில ஆட்சிமன்றத்தின் மனம் போதும். தொகையை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுத வேண்டும், ஆண்டுதோறும் எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். மறைத்துக் கொடுக்கும் சலுகை நெடுநாள் நிலைப்பதில்லை.

என் மாணவி அரசமைப்புச் சட்டத்தின் 15A பிரிவின் கீழ் இரண்டாம் முறையாக விண்ணப்பித்திருக்கிறாள். முதல் விண்ணப்பம் காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டது. இவ்வாண்டு இறுதியில் அவளுக்கு 21 நிறைகிறது. விடுவிப்புத் தாளின் படியையும் விண்ணப்பத்தோடு இணைக்கலாமா என்று மறுபடியும் கேட்டாள். இணை என்றேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். மூன்று படிகள் எடுத்து, தாத்தாவின் பெயருக்கு அடியில் பென்சிலால் மெல்லிய கோடிட்டு, கோப்பின் கடைசியில் வைத்தாள்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது பிறப்புப் பத்திரத்தின் படியை வாங்கி அடுக்கிவிடுகிறோம். குடியுரிமை என்னும் கட்டத்தைப் படிப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் படிக்கவில்லை. ஏழு வயதில் கண்டுபிடித்தால் பதினோராண்டு கையில் இருக்கும். அத்தகைய பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், பெற்றோரைத் தனியே அழையுங்கள், மற்றவர் முன் கேட்காதீர்கள். தாயின் பிறப்புக்குச் சான்று சொல்லக்கூடிய மருத்துவச்சியோ பழைய கிராணியோ உயிரோடு இருந்தால் இப்பொழுதே சத்தியப் பிரமாணம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். திருமணத்தைப் பதிய வழியிருந்தால் பதியச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து படிப்புச் சான்று கடிதம் கேட்டால், தலைமையாசிரியரிடம் நீங்களே சென்று அன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.